ஜட்ஜம்மா

காலை நேர டவுன் பஸ்ஸில் பெரிய பிளாஸ்க் ஒன்றை மடியில் அணைத்துப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, கனத்த கண்ணாடி. பார்ப்பவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் யாருக்கோ காபி கொண்டுபோகிறார் என்று நினைப்பார்கள். ஒருமுறை நானும் கூட இருந்தேன். பக்கத்தில் இருந்த பூக்கார அம்மாள் பிளாஸ்கைப் பார்த்து, யாருக்கு உடம்பு முடியவில்லை என்று பரிவோடு விசாரித்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"யாருக்கும் இல்லம்மா. இது ஆட்டு இரைப்பைக்குள்ள இருந்து எடுத்த தண்ணி. சூடு ஆறாமக் கொண்டுபோகணும்" என்றார் இவர்.

அந்த அம்மாள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் முன்பக்கம் போய் நின்றுகொண்டார். இறங்கியதும் கேட்டேன், காபி என்று சொன்னால் என்னக்கா குறைந்துபோகும் என்று. "அது காபி இல்லையே, செல்வி" என்றார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற முகம்.

போன மாதம் கோச்சடையில் அவருக்கு நினைவு ஜெபம் நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் அவர் பொறுமைசாலி, எல்லாரிடமும் அன்பாகப் பழகுவார், புன்னகை மாறாதவர் என்றார்கள். அவர் இருந்திருந்தால் நடுவில் கையைத் தூக்கியிருப்பார். பொறுமை உண்டு, அது உண்மை. எல்லாரிடமும் பழகியதாக அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். அவரைப் பற்றித் தப்பாக எழுதிவிடக் கூடாது என்ற பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது நாகமலையைத் தாண்டி இருந்த ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அவர் நுண்ணுயிரியல் துறையில் உதவிப் பேராசிரியர். நான் அதே துறையில் தொகுப்பூதியத்தில் இருந்தேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் அக்கா. ஆடுமாடுகளின் வயிற்றுக்குள் வாழும் கிருமிகள்தான் அவருடைய ஆராய்ச்சி. ஆடு தழையைத் தின்னுகிறதே தவிர, அதைச் செரிக்க வைப்பது அதன் இரைப்பைக்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவற்றில் பலவும் காற்றுப் பட்டாலே செத்துப்போகும். வெளியே எடுத்தால் காற்றுப் புகாத குப்பியில், ஆட்டின் உடம்புச் சூட்டிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும். கரண்ட் போய்விட்டால் அக்கா குப்பிகளைத் துணியில் சுற்றி வெந்நீர் வாளிக்குள் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடப் போகச் சொன்னால் போகமாட்டார். ஆய்வகத்தில் எப்போதும் ஒரு புளித்த வாடை இருக்கும். அது அவர் சேலையிலும் இருக்கும். எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், போகாது.

ஒருமுறை கல்லூரியைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. ஆய்வகத்தில் ஓடாத கருவி ஒன்று இருந்தது. யாராவது கேட்டால் நன்றாக ஓடுகிறது என்று சொல்லும்படி துறைத்தலைவர் எங்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். வந்தவர்கள் கேட்டது அக்காவிடம். "மழைக்கு முன்னாடியே நின்னுபோச்சு சார். ரிப்பேருக்கு எழுதிப் போட்டிருக்கோம்" என்றார். துறைத்தலைவர் பிறகு வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. நாங்கள்தான் புதுச் சேலை கட்டிவந்தால், நன்றாக இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்று அவர் கண்ணில் படாமல் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்துவிடுவோம்.

அவருடைய வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாற்று ஆசிரியர். நாங்கள் சார் என்போம். பேச ஆரம்பித்தால் வைகையில் கணுக்காலளவு ஓடிய தண்ணீர் கழுத்தளவு ஏறிவிடும். சந்தில் குரைத்த நாய் பாய்ந்து வேட்டியைக் கிழித்துவிடும். அவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அக்கா தலையைத் தூக்காமல் திருத்துவார். "தண்ணி கணுக்கால் வரைக்குந்தான் இருந்துச்சு." "நாய் பாயல, தூரமாவே நின்னுச்சு." சார் கோபப்பட மாட்டார். "ஜட்ஜம்மா தீர்ப்புச் சொல்லிட்டாங்க" என்று விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தத் திருத்தலுக்காகவே அவர் கூட்டிச் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயந்திரங்களில் அந்த வீட்டில் கேட்பது இந்த வழக்கும் தீர்ப்பும்தான்.

மழை பொய்த்த வருஷங்களில் அழகர்கோவில் பக்கத்து ஊர்களில் ஆட்டுக்காரர்கள் சவுண்டல் மரத்தின் தழையை வெட்டிப் போடுவார்கள். ஆடு ஆசையாகத் தின்னும். அதையே தொடர்ந்து தின்றால் முடி கொட்டும், மெலியும், குட்டி தங்காது. அந்தத் தழையில் ஒரு விஷம் இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் ஒரு மந்தை மட்டும் சவுண்டலையே தின்று கொழுகொழுவென்று இருந்தது. அந்த ஆடுகளின் வயிற்றில் விஷத்தை உடைக்கும் கிருமி இருக்க வேண்டும் என்று அக்கா நினைத்தார். அவற்றின் இரைப்பைத் தண்ணீரை எடுத்து, குப்பியில் வளர்த்து, மூக்கம்மா என்கிற ஒரு அம்மாளின் ஆடுகளுக்குப் புகட்டினார். மூக்கம்மா புருஷனை இழந்தவர், ஆடுகள்தான் பிழைப்பு. ஒரு பருவத்துக்குள் அந்த ஆடுகள் தேறின. கொட்டிய முடி திரும்ப வந்தது. அந்த ஆடுகளைத் தடவிக்கொண்டு அக்கா நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. முதல் பெயர் அக்காவுடையது, அடுத்தது என்னுடையது. கல்லூரி வாசலில் பேனர் வைத்தார்கள். பேப்பரில் போட்டோவோடு செய்தி வந்தது. அக்காவின் பதவி உயர்வுக் கோப்பு மேலே போனது. நிரந்தர வேலைக்கான நேர்முகம் எனக்கு வேறொரு கல்லூரியில் வந்தது. அந்தக் கட்டுரைதான் என் கையில் இருந்த ஒரே பலம்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். அக்கா மறுபடியும் செய்துபார்க்க ஆரம்பித்தார். இந்த முறை ஒரே ஊரில், பாதி ஆடுகளுக்குப் புகட்டியும் பாதிக்குப் புகட்டாமலும் வைத்துப் பார்த்தார். எடை போடுவது என் வேலை. முடிவில் இரண்டு பங்கும் ஒன்றுபோலவே இருந்தன. குப்பித் தண்ணீர் குடித்தவையும் குடிக்காதவையும் ஒரே மாதிரி மெலிந்திருந்தன. பழைய விவரங்களை எடுத்து உட்கார்ந்து பார்த்தார். முதல் முறை மூக்கம்மாவின் ஊரில் நடுவில் மழை பெய்து புல் தலை காட்டியிருக்கிறது. ஒப்பிடுவதற்காகப் புகட்டாமல் விட்டிருந்த ஆடுகள் வேறு ஊரில் இருந்தன, அங்கே பெய்யவில்லை.

"நம்ம தண்ணி ஒண்ணும் செய்யல, செல்வி. மழை செஞ்சது அது" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஆய்விதழுக்கு எழுதப்போவதாகத் துறைத்தலைவரிடம் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். யாரும் இதைத் தோண்டிப் பார்க்கப்போவதில்லை, அடுத்த கட்டுரையில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"அதைப் படிச்சிட்டு எங்கேயோ ஒருத்தர் ஆட்டுக்காரங்ககிட்ட, இந்தத் தண்ணியப் புகட்டிட்டு சவுண்டல் எம்புட்டு வேணும்னாலும் போடுங்கன்னு சொன்னா, ஆடு செத்துப்போயிரும் சார்."

அன்றைக்கு மதியம் என்னிடம் வந்தார். என் நேர்முகம் முடியட்டும், அதுவரை பொறுக்கலாம் என்று நினைத்துப் பார்த்ததாகவும், தெரிந்த பிறகு தெரியாதவர் மாதிரி இருக்க முடியவில்லை என்றும் சொன்னார். கொஞ்ச நாள்தானே அக்கா என்றேன். அன்றைக்கே கடிதத்தை அனுப்பிவிட்டார்.

நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதான். திரும்பப் பெற்ற கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கிறதே, என்ன மோசடி செய்தீர்கள் என்று கேட்டார்கள். தப்பாகிப்போனதற்கும் மோசடிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க எனக்கு நாக்கு எழவில்லை. வேலை கிடைக்கவில்லை. அக்காவின் பதவி உயர்வும் நின்றுபோனது. பேனரைக் கழற்றிச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள்.

அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு என் பொழப்பக் கெடுத்துட்டீங்களேக்கா."

"ஆமா. உனக்குப் பண்ணினது தப்புதான். அனுப்பினது சரிதான்" என்றார்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நான் என்ன செய்வது? மன்னிப்புக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வாதாடியிருந்தாலும் போட்டிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் என் வீட்டுக்கு வந்தார், பை நிறைய மாம்பழத்தோடு. அவருடைய மரத்தில் காய்த்ததாகச் சொன்னார். அவர்கள் வீட்டில் மாமரமே கிடையாது. "அவ அப்படித்தாம்மா. உன்னைய மட்டுமில்ல, என்னையும் விட மாட்டா. அதுக்காக அவளை விட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விடவில்லை. கோபம் ஆறுவதற்குத்தான் நாளானது.

மூக்கம்மாவின் ஊருக்கு அக்கா போனபோது துணைக்கு நானும் போனேன். ஆட்டுக்காரர்கள் இன்னும் அந்தக் குப்பித் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வேப்பமரத்தடியில் நின்று, அதில் மருந்து எதுவும் இல்லை, அதை நம்பி சவுண்டலை அதிகம் போட வேண்டாம், மற்ற தழையோடு கொஞ்சமாகக் கலந்து போடுங்கள் என்று சொன்னார். ஒருவர், அப்படியென்றால் இத்தனை நாளும் எங்களை ஏமாற்றினீர்களா என்று கேட்டார். அக்கா, ஏமாற்றவில்லை, எனக்கே தெரியாமல் தப்புச் செய்துவிட்டேன் என்றார். கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மூக்கம்மா மட்டும் நின்றார். "எங்களுக்கு அது நல்லாத்தானம்மா இருந்துச்சு. நீங்க பாட்டுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல. ஒரு நம்பிக்கையா இருந்துச்சு. இம்புட்டுத் தூரம் வந்து இல்லைன்னு சொல்லணுமாக்கும்."

பஸ்ஸுக்கு நடந்துவரும்போது அக்கா அழுதார். வெயிலுக்கு முக்காடு போட்டிருந்தார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அதற்குப் பிறகு அவரை யாரும் ஆட்டுப் பட்டிக்குள் விடவில்லை. கசாப்புக்கடைகளில் கிடைக்கும் இரைப்பையை வைத்து, கல்லூரியின் ஒரு மூலையில், பெரிதாக எதுவும் கிடைக்காத ஆராய்ச்சியைத்தான் கடைசிவரை செய்துகொண்டிருந்தார். கிடைக்கவில்லை என்றே எழுதினார்.

சார் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அவருக்கு வயிற்று வலி வந்தது. சாதாரண வலி என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது என்றார்கள். அறுக்கவும் முடியாது. வயிற்றைப் பற்றி அம்புட்டுப் படித்த பொம்பளைக்குத் தன் புருஷன் வயிற்றில் இருந்தது தெரியவில்லையே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அக்கா காதில் விழும்படியே பேசினார்கள்.

சாரின் மூத்த சகோதரி திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவனுக்குத் தெரிந்தால் மனசு விட்டுவிடுவான், வயிற்றில் புண் என்றே இருக்கட்டும், யாரும் மூச்சு விடக் கூடாது என்றார். எல்லாரும் சரி என்றார்கள். பிறகு எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள்.

"நானாப் போயிச் சொல்ல மாட்டேன் மதினி" என்றார் அக்கா.

"அவனாக் கேட்டா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரிய மனுஷி அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அக்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவைச் சாரோடு தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுக்க அவர் போனால் கூடவே யாராவது போவார்கள். முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனிதரிடம் போய் ஒரு வாய் கஞ்சி கொடுக்க, காவலோடு போக வேண்டியிருந்தது.

சார் எல்லாரிடமும் கேட்டார். பார்க்க வந்த பள்ளிக்கூட வாத்தியார்களிடம், ஊசி போட வந்த நர்ஸிடம், ஜெபம் பண்ண வந்த போதகரிடம். ஒருநாள் என்னிடம் கேட்டார். அக்கா அடுப்படியில் இருந்தார், மதினி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். "செல்வி, எனக்கு என்னன்னு நெசமாச் சொல்லு" என்றார். புண்தான் சார், ஆற நாளாகும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அப்படித்தான் தானும் நினைத்ததாகச் சொன்னார். அக்காவிடம் கேட்டீர்களா என்று, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவகிட்டக் கேட்டா அவ சொல்லிருவாம்மா" என்றார்.

அதற்குச் சில வாரம் கழித்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்தார். சாருக்குப் பேச்சு மெலிந்திருந்தது, ஆனாலும் கதையை விடவில்லை. தன் மனைவி ஜெர்மனிக்குப் போய் ஆராய்ச்சிக்காகத் தங்க மெடல் வாங்கியவர், அங்கேயே இருக்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள், தனக்காகத்தான் திரும்பி வந்தார் என்று சொன்னார். அக்கா மதுரையைத் தாண்டிச் சென்னைக்குப் போனதே அபூர்வம். அவர் கட்டில் பக்கத்தில் நின்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

அக்கா எதுவும் சொல்லவில்லை. உரித்த சுளையின் நாரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

சார் மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "என்ன ஜட்ஜம்மா" என்று ஆரம்பித்தவர் மேலே பேசவில்லை. சுளையை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு தனக்கு என்ன என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் போய்விட்டார்.

சடங்கெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு மதியம் கோச்சடை வீட்டுக்குப் போனேன். சாரின் சட்டைகளை முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுப்பதற்காக அக்கா மடித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், உன்னிடம் அவர் கேட்டாரா என்று. கேட்டார் என்றேன். என்ன சொன்னாய் என்றார். புண் என்று சொன்னேன் என்றேன்.

"நம்பினாரா?"

"நம்பினார்க்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு சட்டையின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார்.

"எல்லார்கிட்டயும் கேட்டாரு. என்கிட்ட மட்டும் கேக்கவே இல்ல. ஏன்னு உன்கிட்ட எதுவும் சொன்னாரா?"

இல்லை என்றேன்.

"இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், செல்வி. நான் சொல்லிருவேன்னு மதினி பயந்தாங்க. நான் அதைச் சொல்றதா இல்ல. என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே இருந்த வெறும் கட்டிலைப் பார்த்தார்.

"சாதாரணப் புண்ணுதாங்க. பயப்படாதீங்க. மாத்திரையிலயே ஆறிரும்."

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்துவைத்தார். 'பயப்படாதீங்க' என்ற இடத்தில் குரல் உடைந்து, கண் தரைக்குப் போய்விட்டது. பச்சைக் குழந்தைகூட அதை நம்பாது.

என் பக்கம் திரும்பினார். "நம்பியிருப்பாரா?"

"நம்பியிருப்பார்க்கா" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த சட்டையை எடுத்து உதறி மடிக்கத் தொடங்கினார்.